நின்றால் நடுக்கம்

ஓடும்போது ஒரு குறையும் இல்லை.
நின்றால்தான்.

பகாவ் டவுன் சிவப்பு விளக்கில்
என் பழைய சாகா
காய்ச்சல்காரன் பல்லைக் கடிப்பதுபோல் நடுங்கும்.
சத்தம் ஏறும், இறங்கும்,
அணையப் போய் அணையாமல் மீளும்.
குதிகாலைப் பிரேக்கில் ஊன்றி
கால்விரலால் எண்ணெயை மிதித்துப் பிடித்திருப்பேன்
பச்சை விழும்வரை.

சூன் ஹுவாட் பிளக் நாலையும் மாற்றினான்,
டிஸ்டிரிபியூட்டர் மூடியை மாற்றினான்,
கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி
வெயிலில் காய வைத்தான்.
நூற்று எண்பது வெள்ளி.
கடைசியில் ஒரு திருகை அரைச்சுற்று முறுக்கி
"ஓகே லா" என்றான்.
நடுக்கம் போய் உறுமல் வந்தது.
நிறுத்தி வைத்தாலும்
சிரம்பானுக்குப் போகிற அவசரம் அதற்கு.
இரண்டு வாரத்தில்
நடுக்கமும் திரும்பியது, உறுமலை விடாமல்.
"காரு கெழம், அக்கா. வித்துடு."

கெழம் என்பது காரணமா?
ஆலையின் எடைமேடையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான்.
குலையோடு லோரி ஏறும்: எழுதுவேன்.
காலியாகித் திரும்பி ஏறும்: எழுதுவேன்.
கழித்தால் வருவது செம்பனை.
கணக்கு இடித்தால்
எழுதாத ஏதோ ஒன்று
எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது.

ஞாயிறு காலை, குவார்ட்டர்ஸ் வாசலில் பானெட்டைத் திறந்தேன்.
மகள் யாழ்மதி ஸ்டியரிங் முன்னால்,
கண் போனில், கால் எதிலும் படாமல்.
கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே ஒரு டின்.
ஒவ்வொரு மூட்டாய், சொட்டுச் சொட்டாய் அடித்தேன்.
கேஸ்கெட் ஓரம்: மாற்றமில்லை.
கார்புரேட்டர் அடி: மாற்றமில்லை.
பின்னால், கை நுழையாத இடுக்கில்,
பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயின் வளைவில் அடித்தபோது
எஞ்சின் சட்டென்று நிமிர்ந்தது
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
"அம்மா, மிதிக்கல நான்!"

இடுக்கியால் குழாயை நெரித்தேன்.
நடுக்கம் நின்றது. விட்டேன். வந்தது.
வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல்,
நகக்கீறல் நீளத்தில் வெடிப்பு.
கார்புரேட்டர் அளந்து கொடுக்கிற காற்று ஒன்று,
இந்தக் கீறல் உறிஞ்சுகிற காற்று ஒன்று.
இரண்டாவதற்குப் பெட்ரோல் எழுதி வைக்க ஆளில்லை.

ஒரு மாதமாய்ப் பிரேக் கல்லாய் இருந்ததே,
என் முழங்காலைத்தான் வைது கொண்டிருந்தேன்.
மஞ்சள் தைலம் ஒரு புட்டி தீர்ந்திருந்தது.

குழாய் ஒன்பது வெள்ளி.
அதன்மேல் தாய்லாந்து என்று அச்சு.
ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட ஊரில்
ஒரு முழம் ரப்பருக்கு எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது.
சூன் ஹுவாட் சிரித்தான்,
பிறகு சிரிக்காமல்
கிளிப் இரண்டைச் சும்மா கொடுத்தான்.
மாட்டி முடித்து
அவன் முறுக்கிய அரைச்சுற்றைத் திருப்பி முறுக்கினேன்.

திங்கள், விடியலிலிருந்து மழை.
மழை நாளில் லோரிக்கு நாற்பது கிலோ ஈரக் கழிவு,
புத்தகத்தில் ஏற வேண்டாம் என்பது
மேனேஜரின் வாய்ச்சொல்.
ஜெயராணியக்காவின் மூன்று ஏக்கர் குலை
ரொஸ்லான் லோரியில் வந்து நின்றது.
கழித்தேன்.
ஆனால் கழித்த நாற்பதை
ரசீதில் தனி வரியாக எழுதினேன்,
கீழே நேரம் போட்டு, என் கையெழுத்தும் போட்டு.
ரொஸ்லான் அதை இரண்டு முறை படித்தார்.
சட்டைப் பையில் வைக்காமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

மேனேஜர் இன்னும் கூப்பிடவில்லை.

மாலையில் சிவப்பு விளக்கு.
குதிகால் பிரேக்கில், விரல்கள் ஓய்வில்.
ஒரு சத்தமும் இல்லை.
அணைந்துவிட்டதென்று நினைத்துச் சாவியைத் திருப்பினேன்.
ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்
பல்லை நறநறவென்று கடித்தது.
பக்கத்து மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான்.